கான்சர் போல வேடம் போடும் மார்புக் கட்டிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் ஒரு ஆய்வுகூடத்தின் இழையப் பகுதியில் 25 வருடத்துக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். டொக்டர் இல்லை. டொக்டர்கள் நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்க்கிற கண்ணாடித் தகடுகளைத் தயாரித்துக் கொடுத்தவள். இப்போது வெள்ளவத்தையில் இருக்கிறேன். எங்கள் ஃபிளாட்டில் லிஃப்டுக்குள் வைத்தே ரிப்போர்ட்டை நீட்டுகிறவர்கள் உண்டு: "அன்ரி, இதில என்ன எழுதியிருக்கு?" ரிப்போர்ட் ஆங்கிலத்தில், விளக்கம் சிங்களத்தில், பயம் மட்டும் தமிழில். ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் எழுதி வைத்துவிட்டேன். வைத்தியம் சொல்வது என் வேலை இல்லை. அதை உங்கள் டொக்டரிடம் கேளுங்கள். அவரிடம் என்ன கேட்கலாம் என்பதற்கு இது உதவும்.

மார்பில் வருகிற கட்டிகளில் அநேகமானவை சாதாரணமானவை: இளம் பெண்களுக்கு வருகிற வழுவழுப்பான ஃபைப்ரோஅடினோமா, நீர் நிறைந்த சிஸ்ட். அவை இங்கே வராது. கையாலும் படத்தாலும் பார்த்தால் கான்சரேதான் என்று நினைக்க வைத்து, கடைசியில் கான்சர் இல்லாமல் போகிற அபூர்வமானவற்றைப் பற்றித்தான் இந்தப் பக்கம்.

கான்சர் இல்லாத கட்டி எப்படி கான்சர் மாதிரியே இருக்கும்?

கான்சர் என்று சந்தேகப்பட வைக்கிறவை எவை? கல்லுப் போன்ற இறுக்கம், பிடித்து அசைத்தால் அசையாமை, மேலே தோல் குழிவிழுதல், முலைக்காம்பு உள்ளே இழுபடுதல், மார்பை எக்ஸ்ரே எடுக்கிற மெமோகிராமில் நட்சத்திரக் கதிர்கள் போல ஓரங்கள். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் கட்டியைச் சுற்றி உடம்பு போடுகிற தழும்பு இழையம். முழங்காலில் ஆழமான காயம் ஆறும்போது சுற்றியுள்ள தோல் எப்படிச் சுருங்கி இழுபடும்? அதேதான் மார்புக்குள்ளும் நடக்கிறது. கான்சர் வந்தாலும் உடம்பு தழும்பு போடும். நாட்பட்ட அழற்சி வந்தாலும் போடும். உள்ளே இருக்கிற கொழுப்பு செத்துப் போனாலும் போடும். படத்தில் தழும்பு தெரியும். அது ஏன் வந்தது என்று படம் சொல்லாது.

இது என் கைக்கே தெரிந்த விஷயம். அறுவைசிகிச்சையில் எடுத்த கட்டிகளை வெட்டும்போது பக்கத்தில் நின்று உதவியிருக்கிறேன். கான்சர் கட்டியில் கத்தி இறங்கும்போது, கொய்யாக்காயை வெட்டும்போது விதைகள் நறநறவென்று கத்தியில் படுமே, அப்படி ஒரு சத்தம் வரும். ஒரு நாள் அதே நறநற. அறையில் இருந்த எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு நாள் கழித்துத் தகட்டில் பார்த்தால் செத்த கொழுப்பும் அதில் படிந்த கல்சியமும். கான்சரின் ஒரு கலம்கூட இல்லை.

டொக்டர் கையால் பார்த்துவிட்டு "பயப்பட ஒன்றுமில்லை" என்றார். அது போதாதா?

அந்த ஒரு வார்த்தையை மட்டும் வைத்து முடிக்க வேண்டாம். மார்புக் கட்டிக்கு மூன்று பரிசோதனை என்பது உலகம் முழுக்க உள்ள முறை: டொக்டரின் கை, ஸ்கேன் அல்லது மெமோகிராம், தேவைப்பட்டால் ஊசியால் எடுக்கிற இழையம் (பயொப்சி). இந்த மூன்றும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். இரண்டு ஒன்றைச் சொல்லி மூன்றாவது வேறொன்றைச் சொன்னால் விஷயம் முடியவில்லை என்று அர்த்தம். படத்தில் கூரான கதிர்களோடு ஒரு கட்டி, பயொப்சியில் "சாதாரண மார்பு இழையம்". அப்படியென்றால் ஊசி கட்டிக்குள் போகாமல் பக்கத்தில் போயிருக்கலாம். நல்ல டொக்டர் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட மாட்டார். திரும்ப எடுக்கச் சொல்வார்.

என்னிடம் வருகிறவர்களுக்கு ஒரு கேள்வியைச் சொல்லிக் கொடுத்து அனுப்புவேன்: "கான்சர் இல்லையென்றால் அப்போ இது என்ன? அந்தப் பெயர் படத்தோடு பொருந்துதா?" "இல்லை" என்பது அரைப் பதில். ஒரு நோயின் பெயர் வந்து, அது படத்தோடும் பொருந்தினால்தான் முழுப் பதில்.

ஸ்கேனா, மெமோகிராமா?

வயதைப் பொறுத்தது. 35, 40க்குக் கீழே மார்பு இழையம் அடர்த்தியாக இருப்பதால் மெமோகிராமில் எல்லாம் வெள்ளையாகத் தெரியும். அதனால் முதலில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். அதற்கு மேலே இரண்டும். எம்ஆர்ஐ எல்லோருக்கும் தேவையில்லை. அதோடு, இந்தப் பக்கத்தில் வருகிற அழற்சிக் கட்டிகள் எம்ஆர்ஐயிலும் கான்சர் மாதிரியே பளிச்சென்று தெரியும்.

ரிப்போர்ட்டில் "பை-ரேட்ஸ் 4" என்று இருக்கிறது. நாலாம் கட்டமா?

இல்லை. இந்தக் கேள்வியால் ஒரு குடும்பம் ஒரு இரவு முழுக்கச் சாப்பிடாமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். தாய், மூன்று பிள்ளைகள், கொட்டாஞ்சேனையில் இருந்து ஓட்டோ பிடித்து இரவு ஒன்பது மணிக்கு வந்தார்கள். மூத்த மகன் கூகிளில் "4" என்று தேடி, கான்சர் உடம்பெல்லாம் பரவின கட்டம் என்று வாசித்துவிட்டான்.

பை-ரேட்ஸ் என்பது படத்தைப் பார்த்தவர் தன் சந்தேகத்துக்குப் போடுகிற இலக்கம். நோயின் கட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 3 என்றால் கான்சராக இருக்கிற வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் இல்லை, பொதுவாக 6 மாதத்தில் திரும்பப் பார்ப்பார்கள். 4 என்றால் 2 இலிருந்து 95 சதவீதம் வரை எங்கேயும் இருக்கலாம், அதனால் இழையம் எடுக்க வேண்டும். இவ்வளவு அகலமாக இருப்பதால்தான் 4ஏ, 4பி, 4சி என்று பிரிக்கிறார்கள். 4ஏ என்றால் 10 சதவீதத்துக்குள். 5 என்றால் 95 சதவீதமோ அதற்கு மேலோ. நான் கீழே சொல்லப் போகிற கான்சர் இல்லாத நோய்கள் 4இலும் 5இலும்கூட வந்து விழும். (அந்தத் தாய்க்கு வந்தது 4ஏ. கடைசியில் பழைய அழற்சி என்று முடிந்தது.)

மெல்லிய ஊசியால் எடுத்தார்கள். இப்போது பயொப்சி என்று திரும்ப எடுக்கச் சொல்கிறார்கள். ஏன் இரண்டு தரம்?

மெல்லிய ஊசி கலங்களை மட்டும் உறிஞ்சி எடுக்கும். ஒரு கட்டடத்தில் இருந்து நாலு செங்கல்லை உருவி எடுத்து வந்து காட்டுகிற மாதிரி. செங்கல் தெரியும், சுவர் எப்படிக் கட்டப்பட்டிருந்தது என்று தெரியாது. கோர் பயொப்சியில் பொதுவாக 14 கேஜ் ஊசி, ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் தடிப்பு. விறைக்க ஊசி போட்டுவிட்டுத்தான் எடுப்பார்கள். "டக்" என்று ஒரு சத்தம் கேட்கும், அதற்குத்தான் எல்லோரும் திடுக்கிடுவார்கள். "இப்ப சத்தம் வரும்" என்று முதலே சொன்னால் பாதிப் பயம் போய்விடும். வருவது சேமியா மாதிரி ஒரு துண்டு இழையம். இழையம் பழுதாகாமல் வைக்கிற ஃபோர்மலின் போத்தலுக்குள் போட்டதும் வெறும் கொழுப்பு மிதக்கும், இறுகின இழையம் தாழும். எல்லாத் துண்டும் மிதந்தால் ஊசி போட்டவரே முகத்தைச் சுளிப்பார்.

அந்தத் துண்டை மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீற்றரில் 250இல் ஒரு பங்கு மெல்லியதாகச் சீவி, இளஞ்சிவப்பும் ஊதாவுமாகச் சாயம் ஏற்றுவோம். இப்போது சுவர் தெரியும். மார்பின் பால் சுரப்பிகளைச் சுற்றி வெளிப்பக்கமாக இன்னொரு வரிசைக் கலங்கள் உண்டு, மயோஎபிதீலியல் கலங்கள் என்று பெயர். வீட்டைச் சுற்றிய கிடுகு வேலி என்று வைத்துக்கொள்ளுங்கள். பரவுகிற கான்சரில் அந்த வேலி இருக்காது. ஸ்க்ளிரோசிங் அடினோசிஸ் என்று ஒன்று உண்டு. தழும்புக்குள் சுரப்பிகள் நசுங்கிக் கிடந்து, பார்ப்பதற்கு அச்சொட்டாகக் கான்சர் மாதிரி இருக்கும். ஆனால் பி63 என்ற விசேட சாயத்தைப் போட்டால் வேலி பழுப்புப் புள்ளிகளாக வரிசையாக எழும்பி வரும். அதைத் தகட்டில் பார்க்கிற நேரம், பத்தாயிரமாவது தரம் பார்த்தாலும் மனம் இலேசாகும். இதற்கும் ஒரு விதிவிலக்கு இருக்கிறது: மைக்ரோகிளான்டியுலர் அடினோசிஸ். மிக அபூர்வம். கான்சர் இல்லை, ஆனால் வேலியும் இல்லை. இதனால்தான் ஒரே ஒரு சாயத்தை நம்பி யாரும் கையெழுத்து வைப்பதில்லை.

ஊசி குத்தினால் கான்சர் பரவும் என்கிறார்களே?

இதைச் சொல்லாத மாமி இல்லை. ஊசி போன வழியில் ஓரிரு கலங்கள் இடம் மாறலாம், அதைத் தகட்டில் நாங்களும் பார்த்திருக்கிறோம். ஆனால் அதனால் நோய் பரவி ஆள் மோசமாவதாகக் காணப்படவில்லை. ஊசிக்குப் பயந்து ஆறு மாதம் எண்ணெய் பூசிக்கொண்டு இருந்து மோசமானவர்களைத்தான் கண்டிருக்கிறேன். அஸ்பிரின், வோர்ஃபரின் மாதிரி இரத்தம் உறையாமல் இருக்கிற மருந்து எடுத்தால் மட்டும் ஊசிக்கு முதல் டொக்டரிடம் சொல்லுங்கள்.

தங்கச்சிக்கு 32 வயது. இரண்டாவது பிள்ளைக்கு இரண்டரை வயது. மார்பு சிவந்து கல் மாதிரி இறுகி, சீழும் வருகிறது. மூன்று விதமான அன்டிபயோட்டிக் போட்டாயிற்று. கான்சரா?

இதே கதையை எத்தனை தரம் கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. இதற்குப் பின்னால் பல தரம் நின்றது கிரனியுலோமட்டஸ் மஸ்டைற்றிஸ். 1972இல் கெஸ்லர், வோலொக் என்ற இருவர் முதலில் விவரித்த நோய். பிள்ளை பெற்று, பால் கொடுத்து முடித்து ஒரு சில வருடங்களுக்குள் இருக்கிற இளம் பெண்களுக்கு அதிகம் வரும். ஒரு பக்கத்து மார்பில் இறுகின கட்டி, சில வேளை கமக்கட்டில் நெறியும் கட்டும், தோல் சிவந்து உடைந்து சீழ் வடியும், முலைக்காம்பு உள்ளே இழுபடும். சிலருக்கு அதோடு சேர்த்து முழங்காலுக்குக் கீழே சிவந்த, தொட்டால் நோகிற முடிச்சுகளும் மூட்டு நோவும் வரும். மார்புக்குக் காட்டப் போகிறவர் காலைப் பற்றிச் சொல்ல மாட்டார். அதையும் சொல்லுங்கள், டொக்டருக்கு அது நல்ல துப்பு.

நுணுக்குக்காட்டியில் பார்த்தால் பால் சுரப்பிக் குலைகளை நடுவில் வைத்து, உடம்பின் பாதுகாப்புக் கலங்கள் கூட்டம் கூட்டமாக வளைத்து நிற்கும். நடுவில் சின்ன வெற்றிடங்கள். சில பேரில் அந்த வெற்றிடத்துக்குள் கொரினிபக்டீரியம் க்ரொப்பன்ஸ்டெட்டியை என்ற பற்றீரியா ஒளிந்திருக்கும். இது கொழுப்பில் வாழ்கிற, ஆய்வுகூடத் தட்டில் மெதுவாக வளர்கிற ஜாதி. இரண்டு நாளில் தட்டைக் குப்பையில் போட்டால் "ஒன்றும் வளரவில்லை" என்றுதான் ரிப்போர்ட் வரும். அதனால் சீழை அனுப்பும்போது தட்டைக் கூடுதல் நாள் வைத்திருக்கும்படி டொக்டர் எழுதிவிட்டால் நல்லது.

வைத்தியம் எப்படி? இது அவசரக்காரருக்கு ஏற்ற நோய் இல்லை. பலருக்குத் தானாகவே அடங்கும், ஆனால் மாதக் கணக்கில் இழுக்கும். ஒரு வருடம் தாண்டினவர்களும் உண்டு. சிலருக்கு ஸ்டீரொயிட், சிலருக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற மெதொட்ரெக்சேற், பற்றீரியா பிடிபட்டால் அதற்கேற்ற அன்டிபயோட்டிக் நீண்ட நாளுக்கு. கத்தி வைத்தால் காயம் ஆறாமல் துவாரம் விழுந்து சீழ் வடிந்துகொண்டே இருக்கலாம். அதனால் பெரிய அறுவைசிகிச்சையைக் கூடியவரை தவிர்ப்பார்கள். திரும்பவும் வரலாம். மருந்து எடுக்கும் காலத்தில் சீனியின் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும், ஸ்டீரொயிட் அதை ஏற்றிவிடும்.

இந்த நோய்க்காரரை அதிகம் வருத்துவது நோவில்லை, மற்றவர்களின் வாய். "பால் கட்டினதை நீ சரியாகக் கவனிக்கவில்லை" என்று மாமியார் சொல்ல, பிள்ளைக்குப் பால் கொடுத்ததே குற்றம் மாதிரி அழுதவளைப் பார்த்திருக்கிறேன். அவள் செய்த எதனாலும் இது வரவில்லை.

ஸ்டீரொயிட் தொடங்க முதல் சளிப் பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்ரே எல்லாம் கேட்கிறார்கள். மார்புக் கட்டிக்கும் நெஞ்சு வருத்தத்துக்கும் என்ன?

கேட்கத்தான் வேண்டும். கேட்காவிட்டால்தான் நான் கவலைப்படுவேன். காசநோய் மார்பிலும் வரும். இங்கிலாந்தின் சேர் ஆஸ்ட்லி கூப்பர் 1829இலேயே இதை எழுதி வைத்திருக்கிறார். வெளியில் பார்த்தால் மேலே சொன்ன நோயும் இதுவும் இரட்டைப் பிள்ளைகள். ஒன்றுக்கு ஸ்டீரொயிட் மருந்து. மற்றதற்கு அதே ஸ்டீரொயிட்டைத் தனியாகக் கொடுத்தால் நோய் பற்றி எரியும்.

தகட்டில் டீபி கிருமி நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சியாகத் தெரியும். ஆனால் மார்பு இழையத்தில் அது மிகக் குறைவாக இருக்கும். ஒரு தகட்டை ஒரு மணித்தியாலம் தேடி ஒன்றும் காணாமல் எழும்பிய நாட்கள் பல. ஆகவே "கிருமி தெரியவில்லை" என்பதை "டீபி இல்லை" என்று வாசிக்கக் கூடாது. இழையத்தைக் கிருமி வளர்ப்புக்கும், கிருமியின் மரபணுவைத் தேடுகிற ஜீன்எக்ஸ்பர்ட் பரிசோதனைக்கும் அனுப்புவார்கள். இதில் ஒரு சின்ன விஷயம்: வளர்ப்புக்குப் போகிற துண்டு ஃபோர்மலினில் போகக் கூடாது, ஃபோர்மலின் கிருமியைக் கொன்றுவிடும். டீபி என்று உறுதியானால் நெஞ்சு நோய்ச் சிகிச்சை நிலையங்களில் (செஸ்ட் கிளினிக்) மருந்து இலவசம், வழமையாக 6 மாதம். வெலிசரவில் இதற்கென்றே சுவாச நோய்களுக்கான தேசிய வைத்தியசாலை இருக்கிறது. மருந்து எடுத்தால் மாறும். மார்பை எடுக்கத் தேவையில்லை.

சின்ன வயதில் இருந்தே சீனி வருத்தம், இன்சுலின் போடுகிறேன். இரண்டு மார்பிலும் இறுக்கமான கட்டிகள். இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

இருக்கலாம். டயபெடிக் மஸ்டோபதி. 1984இல்தான் இதை முதலில் எழுதினார்கள். பல வருடமாக இன்சுலின் போடுகிறவர்களுக்கு, அதுவும் கண்ணிலோ சிறுநீரகத்திலோ ஏற்கெனவே பாதிப்பு உள்ளவர்களுக்கு வரும். கட்டி கல்லுப் போல இருக்கும், நோகாது. ஸ்கேனில் பின்னால் கறுப்பு நிழல் விழும், அது கான்சர் நிழலைப் போலவே இருக்கும். கோர் பயொப்சியில் தடித்த தழும்பும், சுரப்பிகளையும் குருதிக்குழாய்களையும் சுற்றி லிம்போசைட் என்ற வெள்ளை இரத்தக் கலங்களும் தெரிந்தால் விடை கிடைத்துவிட்டது. வெட்டி எடுத்தால் திரும்ப வரும் பழக்கம் இதற்கு உண்டு. பயொப்சிக்குப் போகிறபோது சீனி வருத்தம் எத்தனை வருடம் என்று படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி இல்லாமல் வந்த துண்டைப் பார்த்து மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறோம்.

காலி வீதியில் பஸ் பிரேக் போட்டபோது கம்பியில் மார்பு அடிபட்டது. இரண்டு மாதம் கழித்துக் கட்டி. அடிபட்டதால் வந்ததா?

கொழுப்பு செத்து இறுகியிருக்கலாம். மார்பில் பெரும் பங்கு கொழுப்புத்தான். அடிபட்டாலோ, அறுவைசிகிச்சை அல்லது கதிர்ச் சிகிச்சை நடந்தாலோ ஒரு பகுதி செத்து, எண்ணெய் நிறைந்த பையாக மாறி, சுற்றிவரத் தழும்பும் பிறகு கல்சியமும் படியும். தோலையும் இழுக்கும். மெமோகிராமில் முட்டைக்கோது மாதிரி மெல்லிய வெள்ளை வளையம் தெரிந்தால் படம் பார்ப்பவருக்கு நிம்மதி. அப்படித் தெரியாவிட்டால் பயொப்சி.

ஆனால் "அடிபட்டது, அதனால்தான்" என்று நாமே முடிவு கட்ட வேண்டாம். கொழுப்புக் கட்டி வந்த பலருக்கு அடிபட்ட ஞாபகமே இருக்காது. மறுபக்கம், ஏற்கெனவே இருந்த கான்சர் கட்டி, அடிபட்ட இடத்தைத் தடவிப் பார்க்கும்போதுதான் முதன்முதலாகக் கையில் தட்டுப்படும்.

மார்பில் இருந்து வயிறு வரை தோலுக்குக் கீழே கயிறு மாதிரி ஒன்று இழுக்கிறது.

மொன்டோர் நோயாக இருக்கலாம். தோலுக்கு அடியில் உள்ள நாளத்தில் இரத்தம் உறைவது. பிரெஞ்சு சத்திரசிகிச்சை நிபுணர் ஹென்றி மொன்டோர் 1939இல் எழுதினார், பெயர் நின்றுவிட்டது. கையை உயர்த்தினால் பள்ளமாக வரி விழும். சில வாரங்களில் தானாக மாறும். உள்ளே வேறு கட்டி இருந்து நாளத்தை நசுக்கவில்லை என்று உறுதி செய்ய ஒரு தரம் ஸ்கேன் பார்ப்பார்கள்.

பயொப்சியில் கான்சர் இல்லை என்று வந்தும் ஏன் வெட்டி எடுக்கச் சொல்கிறார்கள்?

அநேகமாக ரிப்போர்ட்டில் "ரேடியல் ஸ்கார்" அல்லது "கொம்ப்ளெக்ஸ் ஸ்க்ளிரோசிங் லீஷன்" என்று இருக்கும். 10 மில்லிமீற்றருக்குள் என்றால் முதல் பெயர், கூட என்றால் இரண்டாவது. பெயரில் தழும்பு இருந்தாலும் இது காயத்தால் வந்த தழும்பு இல்லை. கையில் தட்டுப்படாது, மெமோகிராமில்தான் தெரியும்: நடுவில் கறுப்பு, சுற்றிவர நீண்ட கதிர்கள். கான்சர் படம் வரையச் சொன்னால் மருத்துவ மாணவர்கள் கிட்டத்தட்ட இதைத்தான் வரைவார்கள்.

சிக்கல் என்னவென்றால் இதன் ஓரத்தில் சில வேளை கான்சரோ அதற்கு முந்திய மாற்றமோ ஒட்டிக்கொண்டிருக்கும். ஊசித் துண்டு அந்த ஓரத்தைத் தொடாமல் வந்திருக்கலாம். அதனால் முழுதாக எடுத்துப் பார்ப்பார்கள். வெற்றிடத்தால் உறிஞ்சி எடுக்கிற தடித்த ஊசி வசதி இருந்தால் அதனாலேயே எடுத்துவிட முடியும். நான் என் தங்கைக்கு இது வந்திருந்தால் "எடு" என்றுதான் சொல்லியிருப்பேன்.

கட்டிக்குள் புழு இருந்தது என்றார்கள். உண்மையா, கதையா?

உண்மை! இலங்கைக்காரருக்கு இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. டைரோஃபிலேரியா ரெப்பென்ஸ் என்பது நாயின் தோலுக்கடியில் வாழ்கிற புழு. நாயைக் கடித்த நுளம்பு நம்மைக் கடித்தால் அதன் குஞ்சு நமக்குள் வரும். மனித உடம்பு அதற்குச் சரியான வீடு இல்லை. தோலுக்கடியில் கொஞ்சம் அலைந்துவிட்டு ஓரிடத்தில் சுருண்டு கிடக்கும். சுற்றி அழற்சி, பிறகு கட்டி. கண் இமையில் வரும், சின்னப் பிள்ளைகளுக்கு விதைப்பையில் வரும், சில வேளை மார்பிலும் வரும். ஸ்கேன் நடக்கும்போது திரையில் நெளிவதைக் கண்டு பிடித்ததும் உண்டு. வெட்டினால் வெள்ளைத் தையல் நூலைச் சுருட்டி வைத்த மாதிரி இருக்கும். முதல் தரம் பார்த்தபோது நூல் என்றே நினைத்தேன், குறடால் பிடித்த பிறகுதான் தெரிந்தது. புழுவை எடுத்ததோடு வைத்தியம் பொதுவாக முடிந்துவிடும்.

யானைக்கால் புழு வேறு. இலங்கையில் யானைக்கால் ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இனி இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் உறுதி செய்தது. நாய்ப் புழு அதன்பாட்டில் இருக்கிறது.

கிரனியுலர் செல் டியூமர், ஃபைப்ரோமடோசிஸ், பாஷ்: இந்தப் பெயர்களெல்லாம் என்ன?

முதலாவது நரம்பைச் சுற்றியுள்ள உறைக் கலங்களில் இருந்து வருவது, 1926இல் அப்ரிகோசோஃப் என்ற ரஷ்யர் விவரித்தது. மெமோகிராமில் கான்சர் மாதிரிக் கதிர் விடும், தோலையும் இழுக்கும். எஸ்100 என்ற சாயத்தைப் போட்டால் குட்டு வெளிப்படும். மிக மிகச் சில தவிர எல்லாமே தீங்கற்றவை; முழுதாக எடுத்தால் சரி.

ஃபைப்ரோமடோசிஸ் கொஞ்சம் முரட்டு ஆள். தூரத்துக்குப் பரவாது, அதனால் கான்சர் இல்லை. ஆனால் பக்கத்தில் இருக்கிற தசைக்குள் வேர் விட்டுப் போகும், எடுத்த இடத்திலேயே திரும்ப முளைக்கும். முன்பு உடனே வெட்டினார்கள். இப்போது பலருக்கு முதலில் படம் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், தானாகச் சுருங்குவதும் உண்டு. பாஷ் என்பது ஓமோன்களால் தூண்டப்படுகிற நார் இழைய வளர்ச்சி. தகட்டில் இரத்தக் குழாய்க் கான்சர் மாதிரிப் பிளவுகள் தெரிவதால்தான் அதற்குப் பெயர் போனது.

எல்லாம் கான்சர் இல்லை என்று முடிகிறதே. அப்போ கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாமா?

கூடாது. வேடம் இரண்டு பக்கமும் உண்டு. கான்சரும் சாதாரண வருத்தம் மாதிரி வரும். மார்பு சிவந்து, வீங்கி, தோடம்பழத் தோல் மாதிரிப் புள்ளி புள்ளியாகக் குழிந்தால் அது அழற்சி மாதிரி வருகிற கான்சராக இருக்கலாம். அதில் கட்டி கையில் தட்டுப்படாமலேயே இருக்கலாம். அன்டிபயோட்டிக் ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம்; குறையாவிட்டால் மூன்றாவது மருந்துக்குப் போகாமல் படமும் பயொப்சியும் கேளுங்கள். ஒரு பக்க முலைக்காம்பில் மட்டும் சொறி மாதிரி வந்து கிரீமுக்கு மாறாவிட்டால், முலைக்காம்பின் தோலில் வருகிற கான்சரான பஜெட் நோயா என்று பார்க்க வேண்டும். எக்சிமா பெரும்பாலும் காம்பைச் சுற்றியுள்ள கறுத்த வட்டத்தில் தொடங்கும், பஜெட் காம்பிலேயே தொடங்கும். இலங்கைப் பெண்களுக்கு வருகிற கான்சர்களில் முதலிடம் மார்புக் கான்சருக்குத்தான்.

ஆண்களுக்கும் வருமா?

வரும். கொழுப்புச் சாவு, புழு, டீபி எல்லாமே. கான்சரும் வரும். வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் காட்டுங்கள்.

கொழும்பில் எங்கே போவது?

1996இல் தொடங்கிய, இப்போது 35, 45 வயதுப் பெண்களை முன்வைக்கிற வெல் வுமன் கிளினிக் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தின் கீழ் நடக்கும். மார்பைப் பரிசோதிப்பார்கள், மிட்வைஃபிடம் நாள் கேளுங்கள். நாரஹேன்பிட்டவில் கான்சரை ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பதற்கான நிலையம் இருக்கிறது. கட்டி ஏற்கெனவே தெரிகிறது என்றால் தேசிய வைத்தியசாலை, களுபோவில மாதிரி பெரிய ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை கிளினிக். கான்சர் என்று உறுதியானவர்கள் போகிற பெரிய இடம் மஹரகம அபேக்ஷா வைத்தியசாலை. தனியாரில் சனல் பண்ணினாலும் பரவாயில்லை. ஆனால் ஸ்கேன் ஓரிடம், ஊசி ஓரிடம், ரிப்போர்ட் ஓரிடம் என்று சிதறினால் மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்க ஆள் இருக்காது. எங்கே போனாலும் பழைய ஃபில்ம், சிடி, ரிப்போர்ட் எல்லாம் ஒரே பையில் கொண்டு போங்கள்.

எடுத்த கட்டியை நாங்களே ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். என்ன கவனிக்க வேண்டும்?

போத்தலுக்குள் இருப்பது ஃபோர்மலினா என்று கேளுங்கள். ஒரு சின்ன இடத்தில் எடுத்த கட்டியைச் சேலைன் என்ற உப்புநீரில் போட்டு, இரவு முழுக்க வீட்டு ஃபிரிஜ்ஜில், கறிச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்து, காலையில் ஒரு அண்ணா கொண்டுவந்தார். பாவம், நல்லெண்ணத்தோடுதான். திறந்தபோது இழையம் கூழாகத் தொடங்கியிருந்தது. தகட்டில் கலங்களின் ஓரமே தெரியவில்லை. கான்சரா இல்லையா என்று சொல்ல முடியாமல், அந்தப் பெண் திரும்ப வெட்டுப்பட வேண்டியதாயிற்று. கட்டியைப் போல குறைந்தது பத்து மடங்கு ஃபோர்மலின், அகன்ற வாய்ப் போத்தல், வெளியே பெயர், எந்தப் பக்க மார்பு, எடுத்த நேரம். இறுக்கிய மூடி. ஜாம் போத்தல் வேண்டாம். உள்ளே போகும்போது மெத்தென்று இருந்த கட்டி, ஃபோர்மலினில் இறுகிய பிறகு வாய் வழியே வராது.

இன்னொரு டொக்டரிடம் கருத்துக் கேட்டால் முதல் டொக்டர் கோபிப்பாரா?

கோபிக்கிறவர் குறைவு. அபூர்வமான நோய் என்றால் அவர்களே ஒருவருக்கொருவர் தகட்டைக் காட்டிக் கேட்பார்கள். எங்கள் அறையில் தினமும் நடந்தது அது. நீங்கள் கொண்டுபோக வேண்டியது ரிப்போர்ட் கடதாசியை மட்டுமல்ல. மெழுகுக் கட்டையும் தகடும் ஆய்வுகூடத்தில் இருக்கும். டொக்டரின் கடிதத்தோடு கேட்டால் கையெழுத்து வாங்கிக்கொண்டு தருவார்கள். தகடு உடையும், பருத்தி சுற்றுங்கள். மெழுகுக் கட்டையைக் காரின் முன் கண்ணாடிக்குக் கீழே வெயிலில் வைக்காதீர்கள், கொழும்பு மத்தியான வெயிலில் உருகிவிடும். பார்த்து முடிந்ததும் திருப்பிக் கொடுங்கள். ஐந்து வருடம் கழித்து வேறொரு சாயம் போட்டுப் பார்க்க வேண்டி வந்தால் அந்தக் கட்டையைத்தான் தேடுவார்கள்.